சங்கிலிமேல் பவளம்

பிளாரன்ஸ்
1973 மே 3

அன்புள்ள அக்கா,

முதலில் மன்னித்துக்கொள். இனி உன்னோடு ஒரு பேச்சும் இல்லை என்று ரயிலடியில் நீ சொன்ன பிறகும் எழுதுகிறேன். நீ நிறுத்தியது பேச்சைத்தான், கடிதத்தை அல்ல என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஊர் பாருக்குத் தொலைபேசி செய்யலாம். ஆனால் நீ வந்து ரிசீவரை எடுப்பதற்குள் கலமெர்லா ஊரே உன்னைச் சுற்றி நின்றுவிடும். தவிர, நேரில் எனக்கு வாய் வராது என்பது உனக்குத் தெரியும். வாய் வந்த ஒரே நாள் ஈஸ்டர் விருந்து. அன்றும் வராமலே இருந்திருக்கலாம்.

அம்மா கீரையும் முட்டையும் வைத்துச் சுட்ட அடையை வெட்டிக்கொண்டிருந்தாள். எத்தொரே சாமியார் இரண்டாவது கோப்பை ஒயினில் இருந்தார். "நம்ம மார்கெரித்தா உன் பட்டறையில எப்படி இருக்கா, டாக்டரம்மா?" என்று கேட்டது, நான் பட்டம் வாங்கியதிலிருந்து என்னை அப்படியே கூப்பிடும் நீதான். "அது மார்கெரித்தா இல்ல" என்றேன். அதற்குப் பிறகு யாரும் என்னை முடிக்க விடவில்லை. முடிக்காததை இப்போது எழுதுகிறேன், வேண்டுமானால் கிழித்துப் போடு.

நம் கோயில் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டே நீ சொல்வாய். பாறைமேல் நிற்கும் புனித மார்கெரித்தா, நீல அங்கி, இரண்டு மணிக்கட்டிலும் பவள வளை, காலடியில் பவளக் கொடி, கீழே வாயைப் பிளந்த நாகம். நாகத்தின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு உயிரோடு வந்தவள், அதனால் பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் காவல். மேலே மேகத்திலிருந்து துருத்திக்கொண்டிருப்பது கடவுளின் கட்டைவிரல். அதற்குத்தான் நாம் எல்லோரும் முத்தம் பறக்கவிடுவோம்.

கூரை ஒழுகிப் படத்தின் முதுகுத் துணி அழுகியதால்தான் பழைய படங்களைச் சீர்செய்யும் எங்கள் பட்டறைக்கு அவள் வந்தாள். எக்ஸ்ரே எடுத்தோம். நான்தான் முதலில் பார்த்தேன். நீல அங்கிக்குக் கீழே வேறு உடை இல்லை. வெறும் உடம்புதான். பவள வளைகளுக்குக் கீழே இரும்பு விலங்கு, அதிலிருந்து பாறைக்குச் சங்கிலி. அந்தக் கட்டைவிரல் ஒரு குதிகால், அக்கா. சிறகு வைத்த செருப்போடு பறந்து வரும் ஓர் இளைஞனின் குதிகால். அவனை மறைப்பதற்காகவே அத்தனை மேகமும் பூசியிருக்கிறார்கள். குதிகாலை மட்டும் மறந்துவிட்டார்கள்.

அவள் பெயர் ஆண்ட்ரோமெடா. கிரேக்கரின் பழங்கதை. 'கடல் கன்னிகளைவிட என் மகள் அழகி' என்று ஒரு ராணி வாயை விட்டாள். கடலரசன் கோபத்தில் ஒரு பூதத்தை ஏவினான். ஊர் பிழைக்க வேண்டுமானால் மகளைக் கொடு என்றார்கள். கொண்டுபோய்ப் பாறையில் கட்டினார்கள். பெர்சியஸ் என்பவன் பறந்து வந்து பூதத்தைக் கொன்று அவளை மீட்டான். அவன் கையில், முன்பே வெட்டிய மெடூசா என்ற அரக்கியின் தலை இருந்தது. கை கழுவுவதற்காக அதைக் கடற்பாசிமேல் வைத்தான். ரத்தம் பட்ட பாசி சிவந்து கல்லானது. அதுதான் பவளம். ஓவியர்கள் முன்னது பின்னது பார்ப்பதில்லை, பூதம் சாவதற்கு முன்பே பவளத்தையும் வரைந்துவிடுவார்கள். நம் தாத்தாக்கள் வலைபோட்டு இழுத்த பவளத்துக்காகத்தான் மார்கெரித்தா அதன்மேல் நிற்கிறாள் என்று நாம் நினைத்தோம். அது வேறு யாருடைய ரத்தமோ.

நானூறு வருடத்துக்கு முன் ஏதோ பவள வியாபாரியின் படுக்கையறைக்கு வரைந்த படம். பிற்காலத்தில் அந்தக் குடும்பம் அதைக் கோயிலுக்குக் கொடுத்திருக்கிறது. கோயில் அவளுக்குத் துணி உடுத்தியது.

எங்கள் தலைவர் பேராசிரியர் ரம்பால்தி அந்தத் துணியைக் கரைத்து எடுக்க விரும்புகிறார். ஜூனில் குழு கூடி முடிவு செய்யும். எடுத்தால் படம் அருங்காட்சியகத்துக்குப் போகும். ஊருக்கு ஒரு நகல் கிடைக்கும். அறிக்கையில் என் பெயரையும் போடச் சொன்னார். அன்று ஆற்றங்கரையில் கடைசிப் பாலம் வரை நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். சந்தோஷமா, பயமா என்று இன்னும் தெரியவில்லை.

உன் உடம்பு எப்படி? அம்மாவைக் கேட்டால் 'இருக்கா' என்று மட்டும் எழுதுகிறாள்.

லிவியா


கலமெர்லா
மே 11

அடியே டாக்டரம்மா,

பேசுன்னா பேசமாட்ட. பேச்சே இல்லைன்னா நாலு பக்கம் எழுதுவ. உன்னையும் என்னையும் ஒரே அம்மாதான் பெத்தாளான்னு எனக்குப் பல நாளா சந்தேகம்.

உன் கடிதத்தை நெத்திலித் தொட்டி பக்கத்துல நின்னு படிச்சேன். மூலையில இருக்கிறது உப்புக் கறை, கண்ணீர்னு நெனச்சுக்காத. மீன் கொட்டுது இந்த வாரம். ஏழு மாச வயித்தைத் தொட்டி விளிம்புல சாய்ச்சுக்கிட்டு தலை கிள்ளி அடுக்குறேன். இந்த உப்புல வந்த காசுலதான் நீ படிச்ச. சொல்லிக் காட்டலை, வாசனை வந்துச்சு, ஞாபகம் வந்துச்சு.

என் வீட்டுக்காரன் பாச்சியோட வாய் உனக்குத் தெரியுமே. பாருக்குப் போய், "இத்தனை வருஷமா நாம முத்தம் கொடுத்தது ஒரு ஆம்பளையோட குதிகாலுக்காம்டா"ன்னு போட்டு உடைச்சுட்டான். இப்ப கோயிலுக்குள்ள நுழையுற பயலுக எல்லாம் செருப்பைக் கழட்டிக் குதிகாலைக் காட்டி, "வா, வந்து கும்பிடு"ங்குறானுக. எத்தொரே சாமியார், "சத்தம் போடாதீங்கடா, பிஷப் காதுக்குப் போயிடும்"னு அலையுறார். அம்மா என்ன சொன்னா தெரியுமா? நானும் அம்மாவும் நீ பண்ணினதை நெனச்சு அழுவோம்னு பாத்தேன். அவ மீனைக் கழுவிக்கிட்டே, "துணி இல்லாம நின்னா நிக்கட்டுமே. பிரசவத்துக்குப் போறவ எவ துணியோட போறா?"ன்னுட்டா. வெட்கமே கிடையாது அவளுக்கு.

எனக்குச் சிரிப்பு வரலை லிவியா.

ஈஸ்டர் அன்னைக்கு என் கையைப் பாத்தியா நீ? பாத்திருக்க மாட்ட, தட்டைப் பாத்துக்கிட்டு இருந்த. நூல் இல்லை. ஏழாம் மாசம் பொறந்ததும் சிவப்பு நூலை மார்கெரித்தா காலடியில வெச்சு எடுத்துக் கையில கட்டணும். அதைக் கட்டுறவதான் பிள்ளைக்கு ஞானத்தாய். நம்ம அம்மாவுக்குப் பெரியம்மா கட்டினா, அதனாலதான் எனக்குப் பெரியம்மா ஞானத்தாய். முன்னாடி ரெண்டு தடவையும் ஏழாம் மாசம் வரைக்கும் நான் போய்ச் சேரவே இல்லை. இப்பதான் வந்து சேர்ந்திருக்கேன். வந்தா அவ இல்லை. சுவத்துல வெள்ளையா ஒரு சதுரம் இருக்கு. சுண்ணாம்பைக் கும்பிடவா?

உன்னைத்தான் கட்டச் சொல்லணும்னு இருந்தேன். சாப்பாடு முடிஞ்சதும் கேக்கலாம்னு நூலைப் பாவாடைப் பையில வெச்சிருந்தேன். அதுக்குள்ள நீ வாயைத் தொறந்துட்ட. இப்ப சித்தப்பா மக நீவெஸ்கிட்ட சொல்லியாச்சு.

ஒண்ணு கேக்குறேன். உன் ஆண்ட்ரோமெடாவை யாரு காப்பாத்தினா? பறந்து வந்த ஒருத்தன். எங்க மார்கெரித்தா தானே கிழிச்சுக்கிட்டு வெளியே வந்தா. வலி எடுக்கும்போது எவ உதவுவான்னு நீயே சொல்லு. பாச்சிக்குப் பறக்கத் தெரியாது. சைக்கிளே ஒழுங்கா ஓட்டமாட்டான்.

ஜூலை நடுவுலன்னு மருத்துவச்சி சொல்றா. அதுக்குள்ள அவளை அனுப்பு. துணியோட அனுப்பு. முடியாதுன்னா நீயும் வராதே.

ஒர்னெல்லா


பிளாரன்ஸ்
மே 19

அன்புள்ள அக்கா,

நூல் உன் பாவாடைப் பையில் இருந்தது என்ற வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. மடித்து வைத்தேன், எடுத்தேன், மறுபடி மடித்து வைத்தேன். வலி எடுக்கும்போது இரண்டு பேரில் எவள் உதவுவாள் என்று கேட்டாயே. நான்கு வருடம் படித்ததில் யாரும் அதைக் கேட்கவில்லை.

இந்த வாரம் பேராசிரியர் என்னிடம் ஒரு வேலை கொடுத்தார். இடது மணிக்கட்டில் தபால்தலை அளவுக்கு மேல்பூச்சை எடுத்துப் பார்க்க வேண்டும். குச்சியில் பஞ்சு சுற்றி, மருந்தில் தொட்டு, தேய்க்காமல் உருட்ட வேண்டும். அங்கியின் ஓரம் முதலில் கரைந்தது. "படகுக்காரன் வேலை" என்று அவர் சிரித்தார். கேலிக்குச் சொன்னார். ஆனால் அது உண்மை. பனிக்காலம் முடிந்ததும் அப்பா படகைக் கவிழ்த்துப் போட்டுப் பூசுவாரே, அந்த நீலம். வளையின் சிவப்பும் படகின் அடிவயிற்றுச் சிவப்புதான். நம் கடற்கரையின் வாசனை மூக்கில் ஏறியபோது யாரோ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி திரும்பிப் பார்த்தேன்.

பிறகு சிவப்பும் கரைந்தது. இரும்பு தெரிந்தது. துருவின் நிறம்கூட அப்படியே இருக்கிறது. விலங்கு அழுத்திய இடத்தில் தோல் கன்றியிருப்பதை அந்தப் பழைய ஓவியர் வரைந்திருக்கிறார். பாதி வளை, பாதி விலங்கு வரை வந்ததும் கை நின்றுவிட்டது. பஞ்சு தீர்ந்துவிட்டது என்று சொல்லி எழுந்தேன். பக்கத்து மேசை ஜீத்தா, "பஞ்சு மூட்டை மேலதான்டி உக்காந்திருக்க" என்றாள்.

ஒரு விஷயம் உனக்குப் பிடிக்கும். முகத்தை யாருமே தொடவில்லை. அங்கியும் வளையும் மேகமும்தான் பின்னால் வந்தவை. நாம் பார்த்து வளர்ந்த முகம் முதலிலிருந்தே இருக்கும் முகம். பூசைக்கு யார் தாமதமாக வருகிறார்கள் என்று மார்கெரித்தா வாசலைப் பார்க்கிறாள் என்று ஊரில் சொல்வோமே. எக்ஸ்ரேயில் அந்தப் பக்கம் கரை தெரிகிறது. கரையில் சின்னதாக மனிதர்கள். அவர்களையும் பாறை பூசி மறைத்திருக்கிறார்கள். அவள் பூதத்தைப் பார்க்கவில்லை. பறந்து வருபவனையும் பார்க்கவில்லை. கரையில் நிற்கும் வீட்டு ஆட்களைப் பார்க்கிறாள், யாராவது வருகிறார்களா என்று.

உண்மையைச் சொல்கிறேன், கோபப்படாதே. அந்தச் சங்கிலியைப் பார்த்த பிறகு, இவளை இத்தனை காலம் மூடி வைத்திருந்தார்களே என்று எனக்குப் பொறுக்கவில்லை. திறந்துவிட வேண்டும் என்று கை துடிக்கிறது. பஞ்சை எடுத்தால் வெள்ளைச் சதுரத்தின் முன்னால் நீ நிற்பது தெரிகிறது. பஞ்சைக் கீழே வைக்கிறேன். நாள் முழுக்க இதேதான். பட்டறையில் என்னை 'பட்டாம்பூச்சி' என்கிறார்கள், ஓர் இடத்தில் உட்காருவதில்லை என்று.

என் வேலை ஜூன் முடியும் வரைதான். அறிக்கை நன்றாக வந்தால் நிரந்தரமாகும் என்று பேராசிரியர் சொல்லியிருக்கிறார். நன்றாக வருவது என்றால் என்னவென்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஜூலைக்குள் அனுப்புவேன் என்று என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை. செய்துவிட்டு உடைப்பதைவிட இது மேல் என்று நினைக்கிறேன். சரிதானா தெரியவில்லை.

லிவியா


கலமெர்லா
மே 28

லிவியா,

படுத்துக்கிட்டு எழுதுறேன், எழுத்து கோணலாத்தான் இருக்கும். போன வாரம் கொஞ்சம் ரத்தம் பட்டுச்சு. பயப்படாதே, நின்னுடுச்சு. பிள்ளை உதைக்குது. ஆனா பிரசவம் வரைக்கும் கட்டிலை விட்டு இறங்கக் கூடாதுன்னு மருத்துவச்சி கண்டிப்பாச் சொல்லிட்டா. நெத்திலி வேலை முழுக்க அம்மா தலையில. பாச்சி சமைக்கிறான். அதைத் தின்னுட்டு உயிரோட இருக்கேன்னா இந்தப் பிள்ளை கண்டிப்பாப் பொழைச்சுக்கும்.

ஜன்னல் பக்கம் கட்டிலைப் போட்டாங்க, கடல் தெரியட்டும்னு. கடலை எவ பாப்பா? வாசல் தெரியுற மாதிரி திருப்பிப் போடச் சொன்னேன்.

நீ சொன்ன கதை எனக்குப் பிடிக்கலை. மகளைக் கட்டிப்போட்டுட்டு எந்த அம்மா கரையில நின்னு வேடிக்கை பாப்பா? ஆனா மல்லாந்து படுத்தே கிடக்குறேனா, அவ நெனப்பாவே இருக்கு. நகரக் கூடாதுன்னா என்னன்னு இப்ப எனக்குத் தெரியுது. கீழ என்னமோ வாயைத் தொறந்துக்கிட்டு இருக்கிற மாதிரியே இருக்கு. எல்லாரும் வந்து கதவுகிட்ட நின்னு, "எப்படி இருக்க?"ன்னு கேட்டுட்டுப் போயிடுறாங்க.

உறைக்குள்ள நூல் வெச்சிருக்கேன். ஈஸ்டர் அன்னைக்குப் பையில இருந்த அதே நூல். படம் வராட்டி பரவால்ல. நூலையாவது அவமேல வெச்சு எடுத்து அனுப்பு. காலடியோ கையோ, எங்கேயோ. மார்கெரித்தாவோ மத்தவளோ, எனக்கு இப்ப அந்தக் கணக்கெல்லாம் இல்லை. தபால்ல அனுப்பு, நீவெஸ் கட்டுவா.

ஒர்னெல்லா


பிளாரன்ஸ்
ஜூன் 15

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்ததிலிருந்து நூலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். படத்தைப் பஞ்சைத் தவிர வேறு எதுவும் தொடக் கூடாது என்பது இங்கே முதல் விதி. மீறினால் அன்றே வெளியே போக வேண்டும். ஜீத்தாவிடம் மட்டும் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் ஜன்னலைப் பாக்கப் போறேன். தெருவுல பாக்க நிறைய இருக்கு. நீ கூப்பிடுற வரைக்கும் திரும்பமாட்டேன்" என்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

காலடியில் வைக்கவில்லை. இடது மணிக்கட்டில், நான் பாதியில் நிறுத்திய இடத்தில் வைத்தேன். நூலின் ஒரு பாதி பவளத்தில் பட்டது, மறு பாதி இரும்பில் பட்டது. யாரிடம் வேண்டிக்கொண்டேன் என்று கேட்காதே. அக்காவை விட்டுவிடு என்றுதான் சொன்னேன்.

குழு நேற்றுக் கூடியது. பேராசிரியரும் வெளியூரிலிருந்து இரண்டு பேரும். மேசையில் எக்ஸ்ரே. என் அறிக்கையைப் பேராசிரியரே படித்தார். முடிவில், "படகுக்கு அடிக்கிற பெயின்டை எடுக்க நாம இவ்வளவு யோசிக்கணுமா?" என்று சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். எனக்கும் சிரிக்க வேண்டிய இடம் அது.

நான் எழுந்து நின்றுவிட்டேன், அக்கா. நாற்காலி பின்னால் விழுந்தது. ஈஸ்டர் ஞாபகம் வந்தது, உட்கார்ந்துவிடலாமா என்றிருந்தது. நாற்காலிதான் விழுந்துவிட்டதே.

"ஐயா, மறைக்கிறதுதான் நோக்கம்னா கையை முழுசா அங்கிக்குள்ள மூடியிருப்பாங்க. உடம்பு முழுக்க மூடினவருக்கு அது பெரிய வேலை இல்லை. மணிக்கட்டை மட்டும் விட்டிருக்காரு. அந்த விலங்கைப் பாத்திருக்காரு, பாத்துட்டு அதுமேல வளை வரைஞ்சிருக்காரு. சங்கிலி ஒண்ணு விடாம பாறை பூசியிருக்காரு. முதல்ல வரைஞ்சவரு படத்துல அவளைக் காப்பாத்த வர்றவன் இன்னும் ஆகாயத்துலயேதான் நிக்கிறான். நானூறு வருஷமா வந்து சேரலை. எங்க ஊர்க்காரர் யாரோ அவளை அவிழ்த்து விட்டுட்டாரு. நாம இப்ப மறுபடி கட்டப் போறோம்."

வெளியூர் அம்மையார் ஒருவர், "இதை நீங்க அறிக்கையில எழுதலையே?" என்றார். "எழுதும்போது தெரியலைங்க" என்றேன். அவ்வளவுதான் நான் பேசியது. பிறகுதான் நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.

இரண்டுக்கு ஒன்று என்று முடிவானது. அங்கி அப்படியே இருக்கும். எக்ஸ்ரேயை நம் கோயிலில் படத்துக்குப் பக்கத்தில் மாட்டுவார்கள், தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் பார்க்கலாம். நான் திறந்த இடத்தை மட்டும் மூட மாட்டார்கள். மார்கெரித்தாவின் இடது கையில் இனி பாதி வளைதான். அம்மாவிடம் சொல், அவள் அதற்கும் ஏதாவது சொல்வாள்.

துணியோடுதான் வருவாள். ஆனால் ஜூலைக்குள் வர மாட்டாள். நீ கேட்டதில் பாதிதான் என்னால் முடிந்தது. முதுகுத் துணி மொத்தமும் அழுகியிருக்கிறது. புதுத் துணியில் ஏற்றிக் காயவைத்துச் சட்டமடிக்க இலையுதிர் காலம் ஆகும். கெஞ்சிப் பார்த்தேன். "நூலை அறுத்துக்கிட்டு ஓடுறதுக்கு இது பட்டம் இல்லம்மா" என்றார் தச்சர்.

கூட்டம் முடிந்து பேராசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கோபப்படவில்லை. "உங்களுக்கு நல்ல கற்பனை இருக்கு. இங்க தேவைப்படுறது அது இல்லை" என்றார். ஆகவே ஜூலையில் எனக்கு வேலை எதுவும் இருக்காது. இதை அம்மாவிடம் இப்போது சொல்லாதே. உப்பு வாசனை ஞாபகம் வரும்.

நீ கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். யாரைப் பார்ப்பதற்கு என்று நீ எழுதவில்லை. நானாக எதுவும் நினைத்துக்கொள்ளக் கூடாது என்று நான்கு தடவை இந்தக் கடிதத்தை வேறு மாதிரி முடித்துப் பார்த்தேன். நன்றாகச் சாப்பிடு, அசையாதே, பாச்சியைத் திட்டாதே என்றெல்லாம். எதுவும் நிற்கவில்லை.

உறையைக் கவிழ்த்துத் தேடாதே, நூலை இதில் வைக்கவில்லை. தபாலில் போட மனம் வரவில்லை. என் மணிக்கட்டில் சுற்றி வைத்திருக்கிறேன், முடிச்சுப் போடாமல். நீவெஸிடம் சொல்லிவிட்டாய் என்பது தெரியும், அவள் மனம் நோகும் என்பதும் தெரியும். வராதே என்று நீ சொன்னதும் மறக்கவில்லை. மார்கெரித்தாவால் வர முடியாது, அக்கா. நான் வரட்டுமா? உன் கையில் அதை நானே கட்டட்டுமா?

லிவியா